காசு கட்டி வாங்கிய கேம் யாருடையது? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு வேலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத்தாருக்கு,

வணக்கம். வேலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறேன். இணையத்தில் கம்ப்யூட்டர் கேம் விற்கும் விதத்தைப் பற்றி உங்களிடம் முறையிட வேண்டியிருக்கிறது. கேம் என்றதும் ரம்மி பற்றியதோ என்று இந்த மடலை ஓரம் வைத்துவிடாதீர்கள். பணம் வைத்து ஆடுவதற்கு எதிராகத் தமிழ்நாடு 2022இல் சட்டம் கொண்டுவந்தது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் ஒன்றை நிறைவேற்றியது, அது வேறு விஷயம். நான் பேசுவது முழு விலையையும் கட்டி வாங்கி வீட்டில் உட்கார்ந்து விளையாடுகிற கார் ரேஸ், கிரிக்கெட், கால்பந்து, கதை உள்ள கேம்கள் பற்றி. இவற்றை விற்கிறவர்கள் காசு வாங்கும்போது ஒரு பேச்சும் வாங்கிய பிறகு வேறு பேச்சும் பேசுகிறார்கள். அதைத் தட்டிக் கேட்கும் அதிகாரத்தை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத்தான் கொடுத்திருக்கிறது.

எங்கள் கடைக்கு விஐடி மாணவர்களும் வருவார்கள், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிற தம்பிகளும் வருவார்கள். அப்படி ஒரு தம்பி, எங்களிடமே செகண்ட் ஹேண்ட் லேப்டாப் எடுத்து, கூடுதலாக ரேம் போட்டுக்கொண்டு, ஓவர்டைம் பார்த்த துட்டில் ஒரு கார் ரேஸ் கேமை வாங்கியிருந்தான். கிராக் (பூட்டை உடைத்த திருட்டு நகல்) போட்டுத் தருகிறோம் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னபோதும் வேண்டாம், ஒரிஜினலே வாங்கிக்கிறேன் என்ற பையன். ஒரு நாள் சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணா, கேம் ஓப்பனே ஆக மாட்டேங்குதுண்ணா, ஹார்டு டிஸ்க் போயிடுச்சா பாருங்க" என்றான். பார்த்தேன். ஹார்டு டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை, விண்டோஸ் நன்றாக இருக்கிறது, கேமின் ஃபைல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஐகானைத் தட்டினால் நிறுவனத்தின் முத்திரை வருகிறது, பாட்டு வருகிறது, ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கடைசியில் சர்வருடன் இணைக்க முடியவில்லை என்று ஒரு வரி. தேடிப் பார்த்தால், கேம் இணைவதற்காகத் தன் பக்கம் வைத்திருந்த கம்ப்யூட்டரான அந்த சர்வரையே நிறுவனம் நிறுத்திவிட்டிருந்தது. இத்தனைக்கும் அவன் இணையத்தில் யாருடனும் சேர்ந்து ஆடியதில்லை, தனியாக உட்கார்ந்து கம்ப்யூட்டர் ஓட்டுகிற கார்களோடுதான் ரேஸ் விட்டுக்கொண்டிருந்தான், அதற்கும் எங்கோ இருக்கிற சர்வர் சரி என்று சொன்னால்தான் கேம் திறக்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள். நிறுவனத்துக்கு எழுதிப் பார்த்தோம். ஒப்பந்தப்படி சேவை முடிந்துவிட்டது, பணத்தைத் திருப்பிக் கேட்கும் கெடுவும் தாண்டிவிட்டது என்று பதில் வந்தது. "நான் என்ன வாடகைக்கா எடுத்தேன்? வாங்கினேன்தானேண்ணா?" என்று கேட்டான். அவனுக்கு நான் என்ன சொல்வது? அந்தக் கேள்வியைத்தான் இப்போது உங்களிடம் கொண்டுவருகிறேன்.

காட்பாடி ரோடு நெடுக பிரவுசிங் சென்டர்கள் இருந்த காலத்தில் கேம் என்றால் சிடி. போட்டால் ஓடும், கீறல் விழுந்தால் ஓடாது, நண்பனிடம் கொடுத்தால் அவன் வீட்டில் ஓடும், ஆடி முடித்துவிட்டால் பாதி விலைக்கு இன்னொருவனிடம் தள்ளிவிடலாம். 2003 செப்டம்பரில் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் ஸ்டீம் என்ற இணையக் கேம் தளத்தைத் தொடங்கியது. அடுத்த வருடம் நவம்பரில் அவர்கள் வெளியிட்ட ஹாஃப்-லைஃப் 2 கேமைக் கடையில் டப்பாவாக வாங்கினாலும் ஸ்டீம் அக்கவுன்டில் பதிந்தால்தான் ஓடும் என்று வைத்தார்கள், வழக்கம் மாறத் தொடங்கியது அப்போதுதான். அப்புறம் நம் ஊர்க் கடைகளுக்கு வந்த டப்பாக்களிலும், பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு துண்டுச் சீட்டும் அதில் நீளமாக ஒரு கோட் நம்பரும் மட்டும் இருக்கும், சிலவற்றில் டிஸ்க்கே இருக்காது. அந்த நம்பரை ஒரு அக்கவுன்டில் போட்டுவிட்டால் அதோடு தீர்ந்தது, டப்பாவை இன்னொருவருக்கு விற்றால் அவர் கையில் வெறும் அட்டைதான் மிஞ்சும்.

டவுன்லோட் முறையையே நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குடியாத்தத்தில் இருக்கிற பையனுக்கும் டோக்கியோவில் இருக்கிற பையனுக்கும் ஒரே நாளில் கேம் வந்து சேருகிறது, 2015 நவம்பர் முதல் ஸ்டீமில் ரூபாயிலேயே விலை போடுகிறார்கள், தள்ளுபடி வந்தால் இருநூறு முந்நூறுக்கு நல்ல கேம் கிடைக்கிறது, தனி ஆளாக உட்கார்ந்து கேம் செய்கிறவர்கள்கூட உலகம் முழுக்க விற்க முடிகிறது. இதெல்லாம் பெரிய விஷயம். ஆனால் சரக்கைக் கொண்டுவந்து சேர்க்கும் வழி மாறிய சாக்கில் வாங்கியவரின் உரிமையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் பெரிய எழுத்தில் விலை இருக்கும், வாங்கு என்று பொத்தான் இருக்கும், கீழே பொடி எழுத்தில் ஒரு ஒப்பந்தம் இருக்கும். அந்த ஒப்பந்தத்தைத் திறந்து படித்தால், உனக்கு எதையும் விற்கவில்லை, பயன்படுத்த உரிமம் மட்டும் தருகிறோம் என்று இருக்கும். ஆரணியில் எடுத்த பட்டுச் சேலையைக் கடைக்காரர் பல வருடம் கழித்து வந்து பீரோவைத் திறந்து எடுத்துக்கொண்டு போனால் ஊர் சும்மா விடுமா? கேமில் அது நடக்கிறது, கேட்க ஆளில்லை.

நடந்ததையே சொல்கிறேன். பிரான்ஸின் யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் தி க்ரூ என்ற கார் கேமை வெளியிட்டது. 2023 டிசம்பரில் அதன் விற்பனையை நிறுத்தினார்கள், 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள், தனியாக ஆடும் பகுதியும் அதோடு போனது. ஏப்ரலில் வாங்கியவர்களின் அக்கவுன்டிலிருந்தே அந்த உரிமத்தை எடுக்கத் தொடங்கினார்கள். அந்த மாதமே யூடியூபில் கேம் வீடியோ போடுகிற ராஸ் ஸ்காட் என்பவர், விற்ற கேம்களை இப்படி முடக்கக்கூடாது என்று கேட்கும் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் கையெழுத்திட்டு ஐரோப்பிய ஆணையத்தின் முன் ஒரு கோரிக்கையை வைக்க வழி இருக்கிறது, 10 லட்சம் கையெழுத்து வேண்டும், 2025 ஜூலையில் இந்த இயக்கத்தின் கோரிக்கை அதைத் தாண்டியது. விளையாட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிட நினைக்கிறவர்கள் அந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சர்வர் நடத்தக் காசு ஆகும், கேமில் வரும் கார்களுக்கும் பாட்டுகளுக்கும் வாங்கிய அனுமதி காலாவதி ஆகும், எத்தனை வருடம்தான் நடத்துவது என்று நிறுவனங்கள் கேட்கின்றன. நியாயமான கேள்விதான். காலம் பூராவும் சர்வர் நடத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அந்த இயக்கமும் அதைக் கேட்கவில்லை. நிறுத்துவதற்கு முன்னால் கடைசியாக ஒரு அப்டேட் கொடுத்து, சர்வர் இல்லாமலே கேம் ஓடும்படி செய்துவிட்டுப் போங்கள், சேர்ந்து ஆடுகிற கேம் என்றால் ஆடுகிறவர்களே சர்வர் வைத்துக்கொள்ள வழி விடுங்கள் என்பதுதான் கோரிக்கை. புதிய அனுமதியும் தேவையில்லை, ஏற்கெனவே விற்ற பிரதிகள் ஓடினால் போதும். இது முடியாத காரியமும் இல்லை. அதே யூபிசாஃப்ட், எதிர்ப்பு கிளம்பிய பிறகு, தி க்ரூ 2 கேமுக்கு ஆஃப்லைன் வசதி, அதாவது இணையம் இல்லாமல் ஆடும் வசதி, தருவதாக 2024இல் அறிவித்து 2025இல் கொடுத்தும் விட்டது. போலந்தில் 2008இல் தொடங்கிய ஜிஓஜி என்ற கடை, வாங்குகிற கேமை கம்ப்யூட்டரில் ஏற்றும் இன்ஸ்டாலர் ஃபைலையே கையில் கொடுத்துவிடுகிறது, பென் டிரைவிலோ எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலோ போட்டு வைத்தால் நாளை அந்தக் கடையே இல்லாமல் போனாலும் கேம் ஓடும். அவர்களும் வியாபாரம்தான் செய்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். கூகுள், இணையம் வழியாகவே கேம் ஆட வைத்த தன் ஸ்டேடியா சேவையை 2023 ஜனவரியில் மூடியபோது தன்னிடம் வாங்கிய கேம்களுக்கும் கருவிகளுக்கும் பணத்தைத் திருப்பித் தந்தது. சோனி 2024 ஆகஸ்டில் வெளியிட்ட கான்கார்ட் கேமை இரண்டே வாரத்தில் நிறுத்தி முழுப் பணத்தையும் கொடுத்தது. சரி, மனம் இருந்தால் மார்க்கம் இருக்கிறது. ஆனால் அந்த மனம் வருவது நிறுவனத்தின் இஷ்டமாக இருக்கிறதே, அங்கேதான் சட்டம் நடுவில் வர வேண்டும் என்கிறேன்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் போட்டது, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. திரும்பப் பறிக்கக்கூடிய டிஜிட்டல் பொருளை, இது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் வாங்கு என்று போட்டு விற்கக்கூடாது என்பது அதன் சாரம். நிரந்தரமாக டவுன்லோட் செய்து இணையம் இல்லாமலே வைத்துக்கொள்ளக்கூடிய பொருளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கையெழுத்தான அடுத்த மாதமே ஸ்டீமில் பணம் கட்டும் இடத்தில், நீங்கள் பெறுவது உரிமம் என்று ஒரு வரி வந்துவிட்டது. ஒரு மாநிலத்தின் சட்டத்துக்கே இந்த வலு இருக்கிறது. ஆனால் அறிவிப்போடு நிறுத்திக்கொண்டால் எனக்குத் திருப்தி இல்லை. பறிப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பறிப்பது நியாயம் ஆகிவிடாது.

இப்போது நம் சட்டத்துக்கு வருகிறேன், உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் கடைக்காரன் பார்வையில் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019 சட்டம் மின்வணிகம் என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே டிஜிட்டல் பொருள்களை வாங்குவதும் விற்பதும் என்று எழுதியிருக்கிறது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், இந்தியாவில் அலுவலகம் இல்லாவிட்டாலும் இங்கே இருப்பவர்களுக்குத் தொடர்ந்து விற்கிற வெளிநாட்டு நிறுவனத்துக்கும் பொருந்தும் என்கின்றன, குறைகேட்கும் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்கின்றன. ரூபாயில் விலை போட்டு, யுபிஐயில் காசு வாங்குகிறவர் இந்தியாவில் விற்கவில்லை என்று சொல்ல முடியுமா?

உச்ச நீதிமன்றம் 2004இல் டாடா கன்சல்டன்சி வழக்கில், சிடி போன்றவற்றில் பதிந்து விற்கும் ரெடிமேட் சாஃப்ட்வேர் சரக்குதான், அதற்கு விற்பனை வரி உண்டு என்றது. 2021 மார்ச்சில் வருமான வரி தொடர்பான என்ஜினியரிங் அனாலிசிஸ் வழக்கில், ஒப்பந்தத்தில் உரிமம் என்று பெயர் போட்டிருந்தாலும் உள்ளே நடந்தது என்ன என்று பார்க்க வேண்டும் என்ற வழியில் போய், அது சாஃப்ட்வேர் அடங்கிய சரக்கின் விற்பனைதான் என்று சொன்னது. இரண்டுமே வரி வழக்குகள், டவுன்லோட் கேமுக்கு அப்படியே பொருந்திவிடும் என்று நான் சொல்லவில்லை. வரி போடும்போது பெயரைத் தாண்டி உள்ளே பார்க்கிற அரசு, நுகர்வோர் நஷ்டப்படும்போதும் அப்படிப் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இன்னொரு பக்கம் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை முறையாகக் கையில் வைத்திருப்பவர், தொலைந்தாலோ கெட்டாலோ உதவும் என்று பேக்கப் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று அது அனுமதிக்கிறது. அந்தத் தம்பியிடமும் எல்லா ஃபைலும் இருக்கிறது. சர்வர் பூட்டைப் போட்டுவிட்டால் அந்த பேக்கப்பை வைத்து அவன் என்ன செய்வது?

காரணமே இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள இடம் கொடுக்கும் நிபந்தனையை நியாயமற்ற ஒப்பந்தம் என்று 2019 சட்டத்தின் 2(46) பிரிவு சொல்கிறது. எங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது, ஆனால் அதைக் கையில் எடுக்க முடிகிறதா பாருங்கள். குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று அந்தச் சட்டம் நல்ல ஒரு வழி செய்திருக்கிறது, ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற புகாரை மட்டும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது, மாநில நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். மனுவை இணையத்தில் போடலாம் என்றாலும், ஷூ கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிற பையன் ஒரு கேமுக்காக வக்கீல் பிடித்துச் சென்னையில் வழக்கு நடத்துவான் என்று யார் நம்புவது? தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை, சேர்த்துப் பார்த்தால் பெரிய தொகை. இந்த மாதிரி விஷயத்துக்காகத்தானே உங்கள் ஆணையத்தையே ஏற்படுத்தினார்கள்? 18ஆம் பிரிவுப்படி நுகர்வோருக்காக நீங்களே இந்த நுகர்வோர் ஆணையங்களில் புகார் தொடுக்கலாம், வழிகாட்டு நெறிமுறையும் வெளியிடலாம். 2023 நவம்பரில் ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிராக 13 வகைகளைப் பட்டியல் போட்டு வெளியிட்டீர்கள். டிக்கெட் போடும் இடத்தில் நமக்கே தெரியாமல் இன்சூரன்ஸைச் சேர்த்துவிடுவது தப்பு என்று நீங்கள் சொன்ன பிறகு எங்களைப் போன்றவர்கள் அதைக் காட்டிக் கேட்க முடிகிறது. கேம் விஷயத்திலும் காட்டிக் கேட்க ஒரு தாள் வேண்டும்.

திருட்டு கேம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பேசினாலே நிறுவனங்கள் அதைத்தான் முன்னால் வைக்கின்றன. கிராக் போட்ட கேம் வைத்திருக்கிறவனுக்குப் பெரும்பாலும் சர்வர் நின்றாலும் கவலை இல்லை, அவன் கேம் இன்றைக்கும் ஓடுகிறது. ஒரிஜினல் வாங்கியவன்தான் என் கடை மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நிற்கிறான். கிராக் போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புகிறேன், காசு கொடுத்து வாங்குங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன், அப்படிச் சொல்ல இனிமேல் எனக்கு ஒரு காரணம் வேண்டும். புதுசாக வருகிற பெரிய கேம் நான்காயிரம், ஐந்தாயிரம் என்று விற்கிற காலத்தில் நேர்மையாக இருப்பவனுக்குத்தான் நஷ்டம் என்றால் பிள்ளைகள் எந்தப் பக்கம் போவார்கள்?

இணையம் எல்லா இடத்திலும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்கிற கேம்கள் வருகின்றன. ஒடுகத்தூர் தாண்டி பீஞ்சமந்தை மலைப்பக்கம் ஊருக்குப் போனால் அந்தக் கேம் லேப்டாப்பில் இருந்தும் பயன் இல்லை.

இன்னொன்று மனசை ரொம்ப உறுத்துகிறது. காட்பாடியிலிருந்து ஒரு அம்மா, இறந்துபோன கணவரின் லேப்டாப்பைக் கொண்டுவந்து ஃபோட்டோக்களை எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். கூட வந்திருந்த பையன் தயங்கித் தயங்கி, "அப்பாவும் நானும் சேர்ந்து ஆடின கேம் எல்லாம் அதுல இருக்கு மாமா, என் பேருக்கு மாத்த முடியுமா?" என்று கேட்டான். கேமை விற்ற இணையக் கடையின் ஒப்பந்தத்தில் அக்கவுன்டை வேறு யாருக்கும் மாற்றித் தர முடியாது என்று இருக்கிறது. அப்பாவின் புத்தகம் பிள்ளைக்கு வருகிறது, சைக்கிள் வருகிறது, கைக்கடிகாரம் வருகிறது. காசு கட்டி வாங்கிய கேம் மட்டும் ஏன் வரக்கூடாது? மறுவிற்பனை பற்றிய வாதம் நீளமானது, பிரான்ஸில் 2019இல் பாரிஸ் நீதிமன்றம் ஸ்டீம் கேம்களை மறுபடி விற்கலாம் என்று சொல்லி 2022இல் மேல்முறையீட்டில் அது மாறியது, அதை இந்த மடலில் நான் கேட்கவில்லை. வாரிசுக்குப் போவதில் அந்தச் சிக்கல்கூட இல்லை, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ஒரே ஒரு முறை போகிறது, அவ்வளவுதான்.

ஆகவே ஆணையம் ஒரு வழிகாட்டு நெறிமுறை வெளியிட வேண்டும். காசு கட்டும் இடத்திலேயே, விலை போட்ட அதே அளவு எழுத்தில், தமிழிலும் படிக்கும்படி, இந்தக் கேம் இணையம் இல்லாமல் ஓடுமா, சர்வர் தேவை என்றால் குறைந்தபட்சம் எந்தத் தேதி வரை அதை நடத்துவோம் என்று நிறுவனம் எழுத வேண்டும். பொத்தானுக்குக் கீழே ஒரு லிங்க் கொடுத்துவிட்டு ஒதுங்கக்கூடாது. தனியாக ஆடக்கூடிய கேமாக இருந்தால், சர்வரை நிறுத்தும் முன் ஆஃப்லைனில் ஓடும்படி செய்தே தீர வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து. அது உண்மையிலேயே முடியாத கேம் என்றால், சொன்ன தேதிக்கு முன்னால் நிறுத்துகிறவர்கள் பணத்தைத் திருப்பித் தரட்டும். வாங்கியவரின் அக்கவுன்டிலிருந்து கேமை எடுக்கிற வேலை, மோசடி நடந்தது போன்ற காரணம் இல்லாமல் நடக்கக்கூடாது. வாரிசுக்கு அக்கவுன்டை மாற்ற, இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கொடுத்தால் போதும் என்று வையுங்கள்.

நெறிமுறையின் வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கும்போது தமிழிலும் வெளியிடுங்கள். ஏமாற்று வடிவமைப்பு நெறிமுறைக்குக் கருத்துக் கேட்டது போல இதற்கும் கேளுங்கள், 30 நாளாவது நேரம் கொடுங்கள். பெரிய நிறுவனங்கள் தங்கள் வக்கீல்களை வைத்து எழுதி அனுப்பிவிடுவார்கள். எங்கள் பக்கத்திலிருந்து எழுதுகிறவர்கள் ஷிப்ட் முடிந்து வந்துதான் எழுத வேண்டும், அந்தத் தம்பியின் ரசீது, நிறுவனத்தின் பதில் கடிதம், கேம் நிற்கும் இடத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் இணைத்து அனுப்பத் தயாராக வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
வேலூர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர் ஒருவர்